ஜெயந்தி ஏறாத படகு

சனிக்கிழமை காலை 6.45க்கு, பாரிஸ் பெர்சி பேருந்து நிலையத்திலிருந்து றொட்டர்டாமுக்குப் புறப்பட்டேன். கட்டணம் இருபத்தொன்பது யூரோ. தூரம் நானூற்றைம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். கையில் இரண்டு பைகள். ஒன்றில் உடுப்புகள். மற்றதில் முதல் நாள் மாலை பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வாங்கிய பன்னிரண்டு மட்டன் ரோல்ஸ், பத்து மீன் கட்லட், நானே கிளறிய ஒரு போத்தல் சீனிச் சம்பல். உடுப்புப் பையைவிடச் சாப்பாட்டுப் பைதான் பாரம். பக்கத்து இருக்கைப் பெண் அந்த வாசனைக்கு மூக்கைச் சுளிக்கவில்லை. நல்ல மனுசி.

2023 ஜூன் மாதம் அது. ஒல்லாந்துக் கால்வாய்களில் ஆறு இரவுப் படகுப் பயணம். றொட்டர்டாமில் ஏறி, லைடன், ஹார்லெம், அம்ஸ்டர்டாம் வழியாக வடக்கே போய், கடல்போன்ற ஓர் ஏரியைக் கடந்து ஸ்டாவொரன் என்ற சிற்றூரில் இறங்கவேண்டும். இரண்டு பேருக்கான அறை, காலையும் இரவும் சாப்பாடு, மொத்தம் 1,460 யூரோ. நான் லா டெஃபான்ஸில் ஓர் அலுவலகக் கன்ரீனில் இரண்டாவது சமையற்காரன். வேலையிடத்துக் கொமித்தே, அதாவது ஊழியர் குழு, தந்த விடுமுறைச் சீட்டுகளால் பாதிக் காசு கட்டுப்பட்டது, மீதியைக் கையிலிருந்து கட்டினேன்.

இரண்டாவது ஆள் என் மனைவி ஜெயந்தி. அவள் இருப்பது லண்டனில். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து இரண்டு வருடத்தில், 2014 செப்ரெம்பரில், பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், தமக்கை பக்கத்துத் தெருவில் இருக்கிறா, கோயிலும் கிட்ட என்று காரணங்கள் நிறைய இருந்தன. எங்கள் ஆட்களில் எத்தனையோ குடும்பம் அப்படிப் போனது. நிரந்தர வேலையை விட மனமில்லாத ஆண்கள் பாரிஸில் நின்றோம். இன்னும் இரண்டு வருடம் என்று எல்லாரும் ஒரே பாட்டாகச் சொன்னோம். என்னுடைய இரண்டு வருடம் ஒன்பதாகிவிட்டது. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை நான்தான் போய்வருவேன். அவள் கடைசியாகப் பாரிஸ் வந்தது 2021 ஓகஸ்ட்டில், ஒரு கலியாணவீட்டுக்கு.

இந்த வருடம் எங்கள் கன்ரீன் இருக்கும் கட்டடத்தை வெறுமையாக்கப்போகிறார்கள். நிர்வாகம் இரண்டு வழி சொன்னது. றுவாசி விமானநிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கன்ரீனுக்கு மாறலாம், அல்லது தருவதை வாங்கிக்கொண்டு விலகலாம். நான் திரும்பிவந்த பிறகு வரும் திங்கட்கிழமை கையெழுத்து வைக்கவேண்டும். மாறினால் ஓய்வுபெறும்வரை பாரிஸ், விலகினால் லண்டன். பிரெக்சிற்றுக்கு முன்பே கலியாணம் செய்தவர்கள் என்பதால் என்னைக் கூப்பிட அவளுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு படிவம், அவளுடைய வதிவிட அனுமதி இலக்கம், அவ்வளவுதான். ஆகவே நான் கேட்கவேண்டியது அரசாங்கத்திடம் அல்ல. ஜெயந்தியிடம் கேட்கவேண்டும், நான் வரட்டுமா என்று.

லா சப்பல் மெற்றோவுக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் சிவம் அண்ணையிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தேன். அவர் சிரித்தார். "உமக்கு விசரோ? இதைக் கேக்கிறதுக்கு மனிசியைத் தண்ணிக்குள்ளை கொண்டுபோகோணுமோ? லண்டன் பஸ்ஸிலை ஏறிப்போய்க் கேளுமன்" என்றார்.

அவருக்கு லண்டன் வீடு தெரியாது. இரண்டு அறை. ஒன்றில் ஜெயந்தியும் மகளும், மற்றதில் மகன். நான் போனால் மகனின் அறையில் நிலத்தில் மெத்தை போடுவார்கள். தமக்கை காலையில் வருவா, மாலையிலும் வருவா. தனியாக ஐந்து நிமிடம் கிடைத்தால் அதற்குள் குக்கர் கூவும். தொலைபேசியிலோ என்ன சமையல், அங்கே மழையா, மகன் தலைமயிர் வெட்டினானா என்பதற்கு மேல் எங்களுக்கு ஓடாது. படகென்றால் ஓடித் தப்ப இடமில்லை. எனக்கும்தான். அத்தோடு ஒல்லாந்து இரண்டு பேருக்கும் நடுவழி. அவள் ஹாரிச் துறைமுகத்தில் காலை ஒன்பது மணிக் கப்பல் ஏறினால் மாலை ஐந்தேகாலுக்கு ஒல்லாந்துக் கரையில் இறங்கலாம். நான் அங்கே நின்று கூட்டிக்கொண்டு படகுக்குப் போவதாக ஏற்பாடு.

காலை 8.40. லில் நகருக்கு முன்னால் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பேருந்து நின்றது. கோப்பி 2.30 யூரோ. முதல் மிடறு குடிக்க முதல் ஜெயந்தி தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, என்னை ஏறவிடுகினமில்லை. பாஸ்போட் முடிஞ்சுதாம்."

"எப்ப முடிஞ்சது?"

"போன வருசம் ஏப்ரல்."

பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

வேறு யாருக்கும் இந்தப் பிழை வராது, எங்களுக்குத்தான் வரும். அந்தக் கடவுச்சீட்டுக்காகப் பதினொரு வருடம் வரிசைகளில் நின்றோம். கிடைத்த அன்று சுவாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். பிறகு ஜெயந்தி அதைப் பொலித்தீனில் சுற்றி, தாலிக்கொடியும் காப்புகளும் இருக்கும் பெட்டியில், கூறைச்சேலைக்கு அடியில் வைத்தாள். நகையைப் போல அதுவும் இருக்கிறது என்பதுதான் முக்கியம், எடுத்துப் பார்ப்பதில்லை. மகள் தன் தொலைபேசியில் கிடந்த பழைய படத்தைப் பார்த்துக் கப்பல் சீட்டை எடுத்திருக்கிறாள். அடையாள அட்டை வீடு மாறியபோதே தொலைந்துவிட்டது.

லண்டன் போய்வருவதற்காகப் போன வருடமே புதுப்பித்த என் கடவுச்சீட்டின் மூலைகள் அதற்குள் தேய்ந்துவிட்டன. பேருந்தில் அதைத் தடவிக்கொண்டே மாதங்களை எண்ணினேன். பதினான்கு. பதினான்கு மாதத்தில் ஒரு நாளாவது பாரிஸ் போய்வருவோமா என்று நினைத்திருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்திருப்பாள். அவள்மேல் கோபம் வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் பேருந்து முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது, காசும் கட்டியாயிற்று. 13.20க்கு றொட்டர்டாம். அங்கிருந்து மெற்றோவில் முக்கால் மணிநேரம் போனால் ஹூக் ஃபன் ஹொலண்ட் துறைமுகம். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். வேறு திட்டம் இல்லாததால் பழைய திட்டப்படி நடந்தேன். வெள்ளைக் கப்பல் நேரம் தவறாமல் வந்தது. வாசலில் பெயர் எழுதிய மட்டைகளோடு நாலைந்து பேர் நின்றார்கள், நானும் அவர்களோடு நின்றேன். சைக்கிள்காரர், முதியவர்கள், ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் என்று எல்லாரும் வெளியே வந்து முடிந்தார்கள். துப்புரவுப் பணியாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் நான் நகர்ந்தேன்.

அதே மெற்றோவில் திரும்பி டெல்ஃப்ஸ்ஹாவன் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் பழைய துறை. படகு அங்கே கட்டியிருந்தது. இருபத்துநான்கு மீற்றர் நீளம், கறுப்பு இரும்பு உடல். ஒரு காலத்தில் கரியும் உருளைக்கிழங்கும் ஏற்றியது, இப்போது ஆட்களை ஏற்றுகிறது. உரிமையாளர் விம், அறுபத்துமூன்று வயது, சுக்கானும் சமையலும் அவர் கையில். கயிறு கட்டுவது அவருடைய தம்பி. தம்பி அதிகம் பேசமாட்டார். விம் இளமையில் பிரான்சின் டங்கேர்க் பக்கம் சரக்கு ஏற்றிப் போனவர் என்பதால் அவருக்குப் பிரெஞ்சு ஓடும். ஆங்கிலம் தெரியாத எனக்கு அது பெரிய உதவி. என்னைத் தவிரப் பயணிகள் இரண்டே பேர். பெல்ஜியத்தின் நமூர் நகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கொலெத், அவருடைய கணவர். இன்னொரு அறைக்காரர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றார் விம். அந்த வாரம் எல்லாரும் வராமல் விட்ட வாரம் போலிருக்கிறது.

அறையில் இரண்டு கட்டில்கள், ஒவ்வொன்றும் எழுபது சென்ரிமீற்றர் அகலம். இரண்டு பேர் எதிரெதிரே இருந்தால் முழங்கால்கள் முட்டும். இடது கட்டிலில் சாப்பாட்டுப் பையை வைத்தேன்.

மனைவி எங்கே என்று கொலெத் கேட்டார். கடவுச்சீட்டுக் கதையைப் பிரெஞ்சில் சொல்ல வெட்கமாக இருந்தது. காய்ச்சல் என்றேன். அந்தப் பொய்யின் விலை இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை ஒன்பதுக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர். கரைப் பாதையில் கூடைக்குள் நாயோடு சைக்கிளில் வந்த ஒரு கிழவி எங்களை முந்திப் போய், அடுத்த பாலத்தில் எங்களுக்காகக் காத்து நின்றா. பாலம் என்றால் நடுவில் பிளந்து மேலே எழும். மணி அடிக்கும், தடை இறங்கும், இரு பக்கமும் நாற்பது ஐம்பது கார்கள் நிற்கும். படகுதான் முதலில் போகும். பாரிஸ் மெற்றோவில் என் மூக்குக்கு நேரே கதவு மூடிய நாட்களை நினைத்து, சில பாலங்களில் கார்க்காரருக்குக் கையசைத்தேன். சிலர் திரும்பி அசைத்தார்கள்.

டெல்ஃப்ற் நகரைப் பதினொரு மணிக்குக் கடந்தோம். மத்தியானம் லைட்சென்டாம் என்ற இடத்தில் சுலூஸ். அது இரண்டு பெரிய கதவுகளுக்கிடையில் ஒரு தொட்டி. படகு உள்ளே போகும், பின்கதவு மூடும், தண்ணீர் மெல்ல மட்டம் மாறும், முன்கதவு திறக்கும். கால்மணி நேரம் எல்லாரும் ஒன்றும் செய்யாமல் ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஜெயந்தியிடம் கேட்கத் தோதான இடமாக நான் மனதில் வைத்திருந்தது இதைத்தான்.

இந்த நாட்டில் யன்னல்களுக்குத் திரை இல்லை. கால்வாயை ஒட்டிய வீடுகளின் சாப்பாட்டு மேசைகள் படகிலிருப்பவரின் கண்மட்டத்தில் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லா வீட்டிலும் ஆட்கள். ஒரு வீட்டில் மனைவி கணவனின் தட்டிலிருந்து ஓர் உருளைக்கிழங்கைக் குத்தி எடுத்துத் தின்றாள். அவன் கவனிக்கவில்லை, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தான். நான் கழுத்தைத் திருப்பி அந்த வீடு மறையும்வரை பார்த்தேன். அன்று இரவு லைடனில் கட்டினோம்.

திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டில் கொலெத் முதல் கேள்வியாகக் காய்ச்சல் எப்படி என்று கேட்டார். முப்பத்தெட்டரை என்றேன். எலுமிச்சையும் தேனும் கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் காய்ச்சலை அளக்கும் பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. அந்த அம்மாவின் கரிசனையைப் பார்க்க, இல்லாத காய்ச்சலுக்கு எனக்கே கவலை வந்தது. நன்றிக்கு ரோல்ஸ் கொடுத்தேன். கணவர் மூன்றைச் சாப்பிட்டு வியர்த்தார்.

அன்று பார்த்ததை நான் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். காகு என்ற ஏரிகளைத் தாண்டியதும் ஒரு வட்டக் கால்வாய் தொடங்குகிறது. முன்பு உள்ளே பெரிய ஏரி இருந்ததாம். அதை இறைத்து வற்றவைத்து நிலமாக்கியிருக்கிறார்கள். ஆகவே தண்ணீர் மேலே, ஊர் கீழே. படகின் தட்டில் நின்று கீழே பார்த்தால் வீட்டுக் கூரைகள், மாடுகள், பாடசாலை விட்டுப் போகும் பிள்ளைகள் எல்லாம் நாலைந்து மீற்றர் பள்ளத்தில். அந்த அணை உடைந்தால் என்று விம்மிடம் கேட்டேன். உடையாமல் பார்ப்பதற்கு ஒரு தனி வரி கட்டுகிறோம் என்றார், அவ்வளவுதான்.

ஜெயந்தி மாலையில் எடுத்தாள். மன்னிப்புக் கேட்டாள். முதல் நாளும் கேட்டிருந்தாள். பரவாயில்லை, இங்கே நல்ல வெயில் என்றேன். அங்கே மழையாம். நான்கு நிமிடம். கேள்வி நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று.

செவ்வாய் ஹார்லெமிலிருந்து அம்ஸ்டர்டாம். இருபது கிலோமீற்றருக்குள்தான், ஆனால் நடுவில் கடற்கப்பல்கள் போகும் பெரிய கால்வாயில் ஒட்டிக்கொண்டு போகவேண்டும். பதினைந்து மாடி உயரத்தில் ஒன்று எங்களைக் கடந்தபோது, நான் தேநீர்க் கோப்பையைப் பிடித்தேன், விம் ஒன்றையும் பிடிக்கவில்லை. அம்ஸ்டர்டாமைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் நான்கு மணிநேரம் நடந்து, 4.50 யூரோவுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, ஒரு பாலத்தில் நின்று தின்றேன். என்னைப் படம் எடுத்துத் தரும்படி கேட்க ஆளிருக்கவில்லை. சோடி சோடியாக வந்தவர்கள் தங்களைப் படம் எடுக்கும்படி என்னிடம் கேட்டார்கள். ஆறு சோடிக்கு எடுத்துக் கொடுத்தேன். தனியாக நிற்பவனைப் பார்த்தால் கை ஓய்வாயிருக்கும் என்று தெரிந்துவிடுகிறது போல.

புதன் காலை நகருக்குக் கிழக்கே சுலூஸைக் கடந்ததும் கரைகள் இரு பக்கமும் விலகின. மார்க்கர்மேர் ஏரி. அதுவரை கைக்கெட்டும் தூரத்தில் வந்துகொண்டிருந்த வீடுகள், பசுக்கள், சைக்கிள்கள் ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் தண்ணீர், குட்டை அலைகள். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்ததற்குப் பிறகு இவ்வளவு தண்ணீரில் நான் போகவில்லை. மூன்றரைக்கு ஹோர்ன் துறைமுகம்.

மாலை ஆறு மணிக்கு நான் சமையலறைக்குள் புகுந்தேன். ஐந்து நாளாகப் பொறுத்திருந்தேன். விம் நல்ல மனிதர், ஆனால் அவர் போஞ்சிக்காயை அவித்துக் கொல்லும் விதத்தை ஒரு சமையற்காரன் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்கு நான் என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவினார். கையில் வேலை இருந்தால் ஆண்களுக்கு வாய் திறக்கும். காய்ச்சல் இல்லைதானே என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு வருடமாக ஒரே கன்ரீனில் வேலைசெய்தவர்களிடமும் சொல்லாததை.

அவர் தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். இந்தப் படகு தகப்பனாருடையது, பெயர் தாயாருடையது. சரக்குப் படகுக்காரர் பிள்ளைகளை ஆறு வயதில் கரையில் விடுதியில் சேர்ப்பது அவர்களுடைய வழக்கம். வாரக் கடைசியில் படகு எங்கே நிற்கிறதோ அங்கே பிள்ளைகள் போய்ச் சேருவார்கள். விம்மின் தங்கைக்கு விடுதியில் சுகமில்லாமல் போக, தாயார் இரண்டு வருடத்துக்கு என்று கரையில் வீடெடுத்தார். தகப்பனார் தனியாகப் படகை ஓட்டினார். இரண்டு வருடம் பத்தொன்பது வருடமானது. ஓய்வெடுத்துக்கொண்டு தகப்பனார் வீட்டுக்கு வந்தபோது, சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் சப்பாத்தை எங்கே கழற்றி வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, தாயாருக்கும் தெரியவில்லை. ஒரு மாதத்தில் அவர் வீட்டுக்கு எதிரே கட்டியிருந்த படகுக்கே படுக்கப் போய்விட்டார். சாகும்வரை பகல் சாப்பாடு வீட்டில், படுக்கை படகில். இப்போது நான் படுக்கும் அறை அவருடையதாம்.

அவர்கள் சந்தோசமாக இருந்தார்களா என்று கேட்டேன். ஒருவரோடொருவர் மிகவும் மரியாதையாக இருந்தார்கள் என்றார் விம். பிறகு அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தார்.

கறி நன்றாக வந்தது. கொலெத்தின் கணவர் மறுபடி வியர்த்தார்.

வியாழன் காலை எட்டுக்குப் புறப்பட்டு பதினொன்றுக்கு எங்க்ஹாய்சன். அங்கே படகு போகும் தொட்டிக்கு அடியால் கார்கள் போகின்றன. அதைத் தாண்டினால் ஐசெல்மேர். ஒரு காலத்தில் கடலாக இருந்தது. நீள அணை கட்டிக் கடலை வெளியே நிறுத்தியபின், வருடக்கணக்கில் ஆறுகள் விழுந்து உப்புப் போய் ஏரியாகிவிட்டது. ஸ்டாவொரனுக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல். காற்றின் பலம் நான்கு, ஐந்தானால் திரும்புவேன் என்றார் விம். மணி 12.30. பின்னால் எங்க்ஹாய்சன் கோபுரம் ஊசி போலத் தெரிந்தது. முன்னால் ஒன்றும் இல்லை. தொலைபேசியில் இரண்டு கோடு சிக்னல் இருந்தது. பின்தட்டில் போய் உட்கார்ந்து ஜெயந்திக்கு எடுத்தேன். அந்த வாரம் அவளுக்கும் விடுமுறை, படகுக்காக எடுத்தது. பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். வீட்டில் தனியாக இருந்தாள்.

"ஜெயந்தி, திங்கள் நான் கையெழுத்து வைக்கோணும். வேலையை விட்டிட்டு நான் அங்கை வரட்டோ?"

"பிள்ளையளையும் ஒருக்காக் கேட்டுப்போட்டு…"

"பிள்ளையளைக் கேக்கேல்லை. உம்மைக் கேக்கிறன்."

இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் அவள் அழுவது கேட்டது.

"அந்தப் பாஸ்போட் எனக்கு எப்பிடித் தெரியாமல் போச்சுது எண்டு அஞ்சு நாளா நினைச்சுக்கொண்டிருக்கிறன். வாங்கோ எண்டு சொல்லத்தான் பாக்கிறன், வாய் வருகுதில்லை. வராதேங்கோ எண்டும் வருகுதில்லை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நீங்கள் இல்லாமல் இருக்கப் பழகிட்டன், அதுதான்."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பேருந்தில் அவமானமாக இருந்தது என்று மேலே எழுதினேன். அது இரண்டாவதாக வந்தது. அவள் ஏறவில்லை என்று கேட்டவுடன், ஒரே ஒரு கணம், எனக்கு மனம் லேசானது. ஆறு நாள் ஒரு சிறிய அறையில் முழங்கால் முட்ட அவளோடு என்ன கதைப்பேன் என்று நான் பயந்துபோயிருந்தேன். ஹூக் ஃபன் ஹொலண்டில் கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றது, அந்தக் கணத்துக்குப் பிராயச்சித்தமாக.

அதை அவளிடம் சொன்னேன். "எனக்கும் அப்பிடித்தான் ஜெயந்தி. நானும் பழகிட்டன்."

நீண்ட மூச்சு ஒன்று விட்டாள். "அப்ப நீங்கள் றுவாசிக்கே போங்கோ" என்றாள். அந்த வார்த்தையில் இருந்த ஆறுதலை அவளால் மறைக்க முடியவில்லை. என் குரலிலும் இருந்திருக்கும்.

வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எங்கே நிற்கிறேன் என்று கேட்டாள். தண்ணீருக்கு நடுவில் என்றேன். எப்படியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். தண்ணீருக்குக் கீழே இருக்கும் ஊரைப் பற்றி, நாயோடு எங்களை முந்திய கிழவியைப் பற்றி, அவளுடைய காய்ச்சல் நேற்று முப்பத்தேழரைக்கு இறங்கிவிட்டதைப் பற்றி. அதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் வேலையிடத்து மேலாளரைப் பற்றி ஒரு கதை சொன்னாள். அவளுக்கு இப்படிக் கதை சொல்ல வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஸ்டாவொரன் கரை தெரிந்தபோது தொலைபேசி ஒரு மணி ஏழு நிமிடம் காட்டியது. ஒன்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஸ்டாவொரன் ஒரு தெருவும் ஒரு துறைமுகமும்தான். மாலை அதைச் சுற்றி மூன்று தடவை நடந்தேன். வெள்ளிக்கிழமை காலை 9.20க்கு விம்முக்கும் தம்பிக்கும் கைகொடுத்துவிட்டு, மிச்சச் சீனிச் சம்பலைப் போத்தலோடு கொலெத்திடம் கொடுத்தேன். லேவார்டனுக்குச் சிறிய ரயில், அங்கிருந்து றொட்டர்டாம், பிறகு பேருந்து. ஐந்து நாளில் படகில் வந்த தூரத்தை ரயில் மூன்று மணிநேரத்தில் திரும்பக் கடந்தது. யன்னலால் கால்வாய்கள் தெரிந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, எதில் வந்தேன் என்று சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை றுவாசிக்குக் கையெழுத்து வைத்தேன். இப்போது நான் குடியிருக்கும் எபினேயிலிருந்து வேலைக்கு ஒன்றரை மணிநேரம், இரண்டு ரயில் மாற்றம்.

ஜெயந்தியும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். ஒரு மணி, சிலவேளை ஒன்றரை. எப்போது வருகிறீர்கள் என்று அவள் கேட்பதில்லை, நானும் பேச்சை எடுப்பதில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாததால் வாய் ஓய்வதில்லை. கலியாணம் முடித்த இருபத்தைந்து வருடத்தில் நாங்கள் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. தொலைபேசியை வைத்தபின் அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.